மர்டினா அத்தை மான் சுடக் கற்றுக்கொண்ட விதம்

இருபத்திரண்டு வருஷமாக மான் சுடுகிற ஒரு பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, மான் என்றால் என்ன என்று பாடம் நடத்தி, அதற்கு ஆயிரத்து நானூறு பவுண்டும் வாங்கிக்கொண்டு, கடைசியில் 'இவருக்குக் கீழ்ப்படிதல் போதாது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் பெண் என் அத்தை மர்டினா மெக்கே. அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. நான் பள்ளிக்கூடத்தைப் பதினைந்து வயதில் விட்டவள். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்பதுதான் சரி. ஆனால் தகுதி உள்ளவர்கள் எழுதிய காகிதத்தைப் படித்த பிறகு, தகுதி இல்லாத ஆள் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றிவிட்டது.

அத்தைக்கு நாற்பத்தேழு வயது. குள்ளம். காற்றடித்துக் காற்றடித்து முகம் பழைய தோல்பை மாதிரி ஆகிவிட்டது. அவள் புருஷன் கடலில் எண்ணெய் எடுக்கிற வேலைக்கு அபர்டீன் போனவர் அப்படியே போனார். அதைப் பற்றி யாராவது கேட்டால் "அங்க சம்பளம் நல்லா இருக்குதாம்" என்பாள், அவ்வளவுதான். பள்ளத்தாக்கின் மேல்கோடியில், இந்த மலையையே சொத்தாக வைத்திருக்கிற எஸ்டேட் கொடுத்த வீட்டில் இருக்கிறாள். துணைக்கு ஒரு சாம்பல் நிற மட்டக்குதிரை. சுட்ட மானை மலையிலிருந்து இறக்குவது அதன் வேலை. எப்போதும் பாவமன்னிப்பு கொடுப்பது போலவே முகத்தை வைத்துக்கொண்டிருப்பதால் அதற்கு பிஷப் என்று பெயர்.

எங்கள் மலையில் ஓநாய் ஒழிந்து முந்நூறு வருஷம் ஆகிறது. மானைத் தின்ன ஒன்றும் இல்லை. விட்டால் மலை முழுக்க மொட்டையடித்துவிட்டுப் பனிக்காலத்தில் கூட்டம் கூட்டமாகப் பட்டினி கிடந்து சாகும். அதனால் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி பாதி வரை பெண் மான்களைச் சுட்டுக் குறைக்க வேண்டும். அதில் எதைச் சுடுவது என்பதுதான் வேலையே. அந்த வருஷம் குட்டி போடாத வறட்டு மான் எது, குட்டியோடு இருக்கும் பால் மான் எது என்று பார்க்கத் தெரிய வேண்டும். தாயைச் சுட்டுவிட்டுக் குட்டியை விட்டால் அது பனியில் நின்று நின்று செத்துப்போகும். அத்தை இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் அவள் சரியாகப் பார்க்கிறாளா என்று ஒருவரும் கேட்டதில்லை. குழாயில் தண்ணீர் வருகிறதா என்று தினமும் யாரும் கேட்பதில்லையே, அப்படி.

இரண்டு வருஷத்துக்கு முன் எஸ்டேட்டைத் தெற்கேயிருந்து ஒரு கம்பெனி வாங்கியது. போன கோடையில் கடிதம் வந்தது. டிசம்பர் ஒன்றாம் தேதிக்குப் பிறகு சான்றிதழ் இல்லாத யாரும் அவர்கள் மலையில் துப்பாக்கி தூக்கக் கூடாது. இன்ஷூரன்ஸ்காரர்கள் சொல்லிவிட்டார்களாம். வேலை போனால் வீடும் போகும். வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த வீடு அது. பயிற்சிக்கு கம்பெனி பணம் தருமா என்று கேட்டதற்கு, இது ஊழியரின் 'தனிப்பட்ட முன்னேற்றம்', ஆகவே ஊழியரே கட்ட வேண்டும் என்று பதில் வந்தது. ஆயிரத்து நானூறு பவுண்டு, அத்தையின் முக்கால் மாதச் சம்பளம்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு ஒன்றை அத்தை செய்தாள். விண்ணப்பத்தில் 'அனுபவம்' என்று ஒரு கட்டம் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷம்னு எழுதுங்க அத்தே" என்றேன்.

"எதுக்கு? பீத்திக்கிற மாதிரி இருக்கும்."

"பீத்தல் இல்ல, கணக்கு."

"அவங்க மான்காரங்க. பாத்தா அவங்களுக்கே தெரியும்."

'கொஞ்சம்' என்று எழுதினாள். எங்கள் ஊரில் கூரையைத் தூக்கிக்கொண்டு போகிற புயலுக்குப் பெயர் 'கொஞ்சம் காத்து'. மூன்று பிள்ளை பெற்றவளைக் கேட்டால் 'கொஞ்சம் வலிச்சுது' என்பாள். இங்கே அதைக் கேட்கிறவர்கள் பத்தால் பெருக்கிக்கொள்வார்கள். தெற்கே பெருக்கமாட்டார்கள் என்பது அத்தைக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தின் பின்பக்கத்தில், ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் பாடத்துக்கு வர வேண்டாம், மலைப் பரிட்சைக்கு மட்டும் நானூறு பவுண்டு கட்டினால் போதும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததைப் பணம் கட்டி மூன்று நாள் கழித்துத்தான் நான் பார்த்தேன். உடனே போன் செய்தேன். விண்ணப்பம் பதிவாகிவிட்டது, மாற்ற முடியாது என்றது ஒரு இனிமையான குரல். இனிமையான குரல்களைப் பொறுக்கித்தான் இந்த வேலைக்கு வைக்கிறார்கள்.

பாடம் நடந்தது நான் பாத்திரம் கழுவுகிற ஹோட்டலில். நவம்பர் முதல் வாரம். ஆறு பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் பல் டாக்டர், பெயர் விட்லி, தெற்கே சர்ரி பக்கத்து ஆள். நாலு தடவை மலைக்கு வந்து போனவர். அவர் அனுபவக் கட்டத்தில் 'விரிவானது' என்று எழுதியிருந்தார். ஆனாலும் நல்ல மனுஷர், சூப் வைத்தால் முகத்தைப் பார்த்து நன்றி சொல்வார். பாடம் நடத்தியவர் பார்லோ. புத்தம் புது கம்பளிக் கோட்டு. அதன் கையில் விலைச்சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. நான்கு நாளும் பார்த்து ரசித்தேன்.

முதல் நாள் முழுக்கத் திரையில் படம் காட்டினார். வெளியே மலை இருக்கிறது, மழைகூட இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தாலே எதிர்ச் சரிவில் பதினோரு மான் மேய்கிறது. உள்ளே திரையை இறக்கிவிட்டு, விளக்கை அணைத்து, மான் படம். அதில் ஒரு படத்தைக் காட்டி இது மலையில் வாழும் வயதான பெண் மான் என்றார். அத்தை பரிட்சைத் தாளில் 'பண்ணை மான்' என்று எழுதினாள். தப்பு என்று கோடு போட்டார்.

"அதோட காதுல மஞ்சப் பட்டை இருக்குதுங்களே" என்றாள் அத்தை, ரொம்பத் தணிவாக.

"அது படத்துல விழுந்த வெளிச்சம்."

"வெளிச்சத்துல நம்பர் போட்டிருக்கு."

"விடைத்தாள்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் மார்க் மேடம்."

அத்தை தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். எனக்குக் கையிலிருந்த தட்டைப் போட்டு உடைக்கலாம் போல இருந்தது.

இரண்டாம் நாள், மான் புழுக்கையைப் பார்த்து மானின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் பாடம். அதற்கென்று ஒரு கண்ணாடிக் குப்பியில் புழுக்கை கொண்டுவந்திருந்தார். முந்தின நாள் சமையலறையில் புட்டிங் கருகியதில் உலர்திராட்சை நிறைய மிஞ்சியிருந்தது. காலையில் மேஜை துடைக்கும்போது குப்பியில் இருந்ததைக் கொட்டிவிட்டு அதைப் போட்டு வைத்தேன். பார்லோ ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி, முகர்ந்து, "ஆரோக்கியமான மான். நேத்து ராத்திரி நல்ல புல்லு மேஞ்சிருக்கு" என்றார். ஐந்து பேரும் எழுதிக்கொண்டார்கள். அத்தை மட்டும் எழுதவில்லை. கதவோரம் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சிரிப்பு இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் வீடு இந்த ஆள் கையில் இருக்கிறது, நான் அவரோடு விளையாடிக்கொண்டிருக்கிறேன் என்று. அதற்குப் பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டேன்.

நாலாம் நாள் மலைப் பரிட்சை, நாலு பேருக்கு; மீதி இருவருக்கு மறுநாள். பார்லோ சொல்கிற மானைச் சுட வேண்டும், பிறகு குடலை எடுத்துச் சுத்தம் செய்து காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ். வழக்கமாக பிஷப்பை அத்தைதான் கூட்டிப்போவாள். அன்றைக்கு அவள் பரிட்சைக்காரி என்பதால் நான் கூட்டிப்போனேன்.

மான் வேலையில் காற்றுதான் எல்லாம். நம் வாடை அதன் மூக்குக்குப் போனால் முடிந்தது. பார்லோ போனைப் பார்த்து, காற்று கீழிருந்து மேலே வீசுகிறது, மேல்பக்கமாகப் போகலாம் என்றார்.

"பத்து மணிக்கு மேல இந்த மலைக்குடைவுக்குள்ள காத்து சுத்தித் திரும்புங்க. கீழ்ப்பக்கமா போனா நல்லது" என்றாள் அத்தை.

"போன்ல அப்படி இல்லையே."

மேல்பக்கமாகவே போனார்கள். காற்று திரும்பியது. முப்பது மான் ஒரே நொடியில் மலைமுகட்டைத் தாண்டியது. "இன்னைக்கு மானுங்க கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கு" என்றார் பார்லோ. அத்தைக்கு ஒரு அரைநாள் போனது.

மத்தியானத்துக்கு மேல் இன்னொரு கூட்டம் கிடைத்தது. ஒன்பது பெண் மான். பார்லோவும் அத்தையும் அவளுக்கு அடுத்த முறைக்காரரான டாக்டரும் புதருக்குள் வயிற்றால் ஊர்ந்து போனார்கள். நான் பிஷப்போடு கீழே, எதிர்ப்பக்கம், ஒரு பாறைக்குப் பின்னால். அத்தையின் பழைய தொலைநோக்கி என்னிடம் இருந்தது. அவர்கள் இருந்த இடத்திலிருந்து தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. வலது ஓரத்தில் தனியாக நின்ற பெண் மானுக்குப் பின்னால், சதுப்பு மண் வெட்டுண்ட பள்ளத்தில், ஒரு குட்டி கால் மடக்கிப் படுத்திருந்தது. காது மட்டும் அசைந்தது.

மேலே நடந்த பேச்சை நான் கேட்கவில்லை. அத்தை சொன்னதும் டாக்டர் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் எழுதுகிறேன்.

"வலது ஓரம் நிக்குதே, அது வறட்டு மான். தயாரா இருக்கும்போது சுடுங்க" என்றார் பார்லோ.

"அது பால் மானுங்க."

"குட்டி எங்க இருக்கு?"

"பின்னால படுத்திருக்கு."

"பாத்தீங்களா?"

"இல்ல. அது ஒரே இடத்தத் திரும்பித் திரும்பிப் பாக்குது. புல்லுல வாய் வச்சா நிலைக்கல."

"யூகத்துக்கு மார்க் கிடையாது மேடம்."

"அப்ப குட்டி எழும்பட்டும். காத்திருக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"அதுக்கு எழும்பணும்னு தோணுற வரைக்கும்."

பார்லோ கடிகாரத்தைப் பார்த்தார். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு பேருக்குப் பரிட்சை முடிக்க வேண்டும். ஒரே நாளில் நாலு பேரை மலைக்கு ஏற்றினால் அப்படித்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு நாள் கொடுத்தால் லாபம் என்ன ஆவது? "சுடுறீங்களா, இல்லையா?" என்றார். அத்தை துப்பாக்கியிலிருந்து குண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, டாக்டருக்கு இடம் விட்டு நகர்ந்து படுத்தாள்.

டாக்டர் சுட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், நன்றாகத்தான் சுட்டார். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. மற்ற எட்டும் ஓடின. குட்டி எழுந்து நாலு எட்டு ஓடி, நின்று, திரும்பி வந்தது. தாய் ஏன் வரவில்லை என்று பார்க்க வந்தது. நான் தொலைநோக்கியை மடக்கிவிட்டேன்.

பார்லோ டாக்டருக்குக் கைகொடுத்துக் காகிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அப்புறம் மூவரும் இறங்கினார்கள். டாக்டர் கத்தியை எடுத்து வயிற்றைத் திறந்தார். மடியில் கத்தி பட்டதும் பால் அவர் சட்டைக் கையில் வடிந்தது. வெள்ளையாக, ஆவி பறக்க. வாயும் ரத்தமுமாகப் பிழைக்கிற மனுஷர், அவருக்கே முகம் வெளுத்துவிட்டது.

"இப்படி சில நேரம் நடக்கும்" என்றார் பார்லோ. "அறிக்கையில எழுதணும்னு அவசியமில்ல."

"குட்டி அதோ நிக்குது" என்றாள் அத்தை. "சுடணும்."

"இன்னைக்கு ஒதுக்கினது நாலு பெரிய மான். குட்டி திட்டத்துல இல்ல."

"வியாழக்கிழமை பனி வருது."

"உத்தரவு நான்தான் குடுக்கணும். நான் குடுக்கல."

அத்தை பையிலிருந்த குண்டை எடுத்துத் துப்பாக்கியில் போட்டாள். கீழே படுத்தாள். எதிரே யாராவது இருக்கிறார்களா, குட்டிக்குப் பின்னால் குண்டு தாங்க மண்மேடு இருக்கிறதா என்று நிதானமாகப் பார்த்தாள். குட்டி நின்றது நான் இருந்த பக்கம் இல்லை. ஒரே வெடி. குட்டிக்குச் சத்தம்கூடக் கேட்டிருக்காது.

"நீங்க பண்ணது என்னன்னு தெரியுமா?" என்று பார்லோ கத்தியது எனக்கே கேட்டது.

அத்தை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இத எழுதிக்கோங்க" என்றாளாம்.

பெரிய மானை பிஷப் முதுகில் கட்டினோம். குட்டியை அத்தை தன் தோளிலேயே போட்டுக்கொண்டாள். இரண்டு மைல் இறக்கத்தில் அவள் பேசியது ஒன்றே ஒன்று. "சேணம் ஒரு பக்கமா இழுக்குது பாரு. வாரை இறுக்கு." நான் இறுக்கினேன். அது ஒழுங்காகத்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து முடிவு வந்தது. மர்டினா மெக்கே தேர்ச்சி பெறவில்லை. காரணம் இரண்டு. சுடச் சொன்ன மானைச் சுடவில்லை. சுடச் சொல்லாத மானைச் சுட்டார். அனுபவம் குறைந்த, பயிற்சி பெறுகிறவர்களிடம் இந்தப் பதற்றம் சகஜம் என்று ஆறுதலாக ஒரு வரி வேறு. மறுபரிட்சைக்கு நானூற்றைம்பது பவுண்டு, அதுவும் ஜனவரியில்தான் இடம். டிசம்பர் ஒன்றுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

பதற்றமாம். பனிச்சரிவில் பிஷப்போடு நாற்பதடி உருண்டு, எழுந்ததும் முதலில் துப்பாக்கிக் குழாயில் பனி புகுந்திருக்கிறதா என்று ஊதிப் பார்த்தவள் அவள்.

நான் மேல்முறையீடு எழுதினேன். குட்டியை என் கண்ணால் பார்த்தேன், அத்தை துப்பாக்கியை இறக்கியபோதே அது பள்ளத்தில் படுத்திருந்தது என்று. இரண்டு நாளில் பதில். 'தாங்கள் அங்கீகரிக்கப்பட்ட சாட்சி அல்ல. மானை அடையாளம் காணும் சான்றிதழ் பெற்றவர்களின் கூற்றே ஏற்கப்படும்.' பாத்திரம் கழுவுகிறவள் கண்ணுக்கு மான் மானாகத் தெரியாது போல.

டாக்டர் விட்லிக்குப் போன் செய்தேன். ஹோட்டல் பதிவேட்டிலிருந்து நம்பரைத் திருடினேன், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"டாக்டர், அத்தைக்கு வீடு போகப் போகுது" என்றேன்.

"அந்தச் சட்டைய நான் இன்னும் துவைக்கப் போடல" என்றார். "என்ன எழுதணும்னு சொல்லும்மா."

"ஒண்ணும் சேக்க வேண்டாம். நடந்தத எழுதுங்க."

எழுதினார். அவர் சொல் எடுபட்டது. ஏன் எடுபட்டது? அவரிடம் சான்றிதழ் இருந்தது. அந்தச் சான்றிதழ் எப்படி வந்தது? அந்தப் பால் மானைச் சுட்டதால் வந்தது. பால் மான் என்று சொல்லிச் சுட மறுத்தவளுக்குக் கண் இல்லை. வறட்டு மான் என்று நம்பிச் சுட்டவருக்குத்தான் கண் உண்டு. இதை நான் மூன்று தடவை படித்துப் பார்த்தேன், மூன்று தடவையும் அதுதான் அர்த்தம்.

நவம்பர் இருபத்தேழாம் தேதி சான்றிதழ் தபாலில் வந்தது. முதல் காரணத்தை நீக்கியிருந்தார்கள். நான் சமையலறையில் குதித்தேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் எல்லாம் படித்தாள். இரண்டாம் பக்கத்தின் அடியில் 'ஆலோசனைக் குறிப்பு' என்று இருந்தது. 'தேவையின்றி ஒரு குட்டியைச் சுட்டார். கீழ்ப்படிதல் போதாது.' அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியை எஸ்டேட்டில் கொடுக்க வேண்டும்.

அத்தை அந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் 'இது சரியில்லை' என்று எழுதி, மடித்து, வந்த உறையிலேயே போட்டு, விலாசத்தை அடித்துவிட்டு அவர்கள் விலாசத்தை எழுதினாள்.

"என்ன பண்றீங்க அத்தே?"

"திருப்பி அனுப்புறேன்."

"உங்களுக்குப் பைத்தியமா? இன்னும் நாலு நாள்தான் இருக்கு."

"தபால் நாலரைக்கு எடுப்பான். நீ போடுறியா, நான் போகட்டா?"

நான்தான் போட்டேன். அழுதுகொண்டே போட்டேன், மழை என்பதால் யாருக்கும் தெரியவில்லை.

எஸ்டேட் மேனேஜர் மன்ரோ மறுநாள் ஜீப்பில் ஏறி வந்தார். ஊர்க்காரர்தான், அத்தையோடு படித்தவர். கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் அடி வாங்குகிற ஆள்.

"அடியே மர்டினா, எனக்கு வேண்டியது முதல் பக்கம். ரெண்டாம் பக்கத்த எவன் படிக்கப் போறான்?"

"நான் படிச்சேன்."

"ஒரு கையெழுத்துதான். கண்ண மூடிக்கிட்டுப் போடு."

"கண்ண மூடிக்கிட்டுச் சுடச் சொன்ன ஆளுதான் இத எழுதியிருக்கான். ஒரு குட்டியப் பட்டினி போட்டுச் சாகவிடாதது தப்புன்னு எழுதியிருக்கு. அதுக்குக் கீழ எம் பேரு வராது."

"வீட்ட நினைச்சுப் பாரு."

"நினைச்சுட்டுத்தான் இருக்கேன்."

"டிசம்பருக்கு மேல என்னால பொறுக்க முடியாது. அந்த மாசக் கடைசிக்குள்ள காகிதம் வரலன்னா வீட்டுச் சாவிய நான் கேக்க வேண்டியிருக்கும். அதுவரைக்கும் சம்பளமும் கிடையாது, சொல்லிட்டேன்."

"சரி. டீ ஆறுது, குடிச்சுட்டுப் போ."

டிசம்பர் ஒன்றாம் தேதி அத்தையின் துப்பாக்கி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சான்றிதழ் வைத்திருந்த ஒரு ஆளை கம்பெனி இன்வர்னஸிலிருந்து கூலிக்கு அமர்த்தியது. அவர் முதல் நாள் மலையில் வழி தவறினார். அத்தை டார்ச்சோடு போய் அவரைக் கூட்டி வந்தாள். அதற்கு யாரும் சம்பளம் தரவில்லை.

பயிற்சிக்காரர்களிடமிருந்து பதில் பத்தாம் தேதி வந்தது. குறிப்பை மறுபரிசீலனை செய்யலாம், ஆனால் விண்ணப்பத்தில் 'கொஞ்சம்' என்று எழுதிய ஒருவர் சொந்த முடிவில் சுடத் தகுதி பெற்றவர் என்று எப்படி ஏற்பது? ஆகவே அனுபவத்தை விரிவாக எழுதி அனுப்ப வேண்டும்.

வீட்டை இழக்கக்கூடத் துணிந்தவளுக்கு இது முடியவில்லை. இரண்டு நாள் காகிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நான் பேனாவை எடுத்தேன். 'வடக்கு மலைநாட்டின் தலைசிறந்த மான்காரி' என்று தொடங்கினேன்.

"அடி."

'மிகுந்த திறமையுடன்.'

"அடி."

"அத்தே, திறமைங்கறதையாவது விட்டு வைங்க."

"அது அவங்க சொல்லணும், நாம சொல்லக்கூடாது. எண்ணிக்கைய மட்டும் எழுது."

அவளிடம் பழைய நாட்குறிப்புகள் இருந்தன, வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினோம். இருபத்திரண்டு பனிக்காலம். சுட்ட பெண் மான் ஆயிரத்து நூற்றுப் பதினாறு. 'தாயைச் சுட்டு உயிரோடு விட்ட குட்டி' என்று நான் ஒரு தலைப்பு போட்டு, பக்கத்தில் 'இல்லை' என்று எழுதப் போனேன்.

"ஒண்ணு" என்றாள் அத்தை.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"அப்ப நீ பால்குடி. ஜனவரி. பனிமூட்டத்துல வறட்டுன்னு நினைச்சுட்டேன். திறந்து பாத்தா பால். ரெண்டு நாள் தேடினேன், கிடைக்கல. வசந்தத்துல வேலி ஓரத்துல இருந்துச்சு. எழுது. எந்த இடம்னும் எழுது."

"இது போனா உங்களையே குறை சொல்வாங்க அத்தே."

"சொல்லட்டும். அது நடந்தது."

எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் கோணல், அந்த வரியை மட்டும் பார்த்துப் பார்த்து எழுதினேன்.

டிசம்பர் பத்தொன்பதாம் தேதி புது சான்றிதழ் வந்தது. மன்னிப்பு இல்லை, விளக்கம் இல்லை. ஆலோசனைக் குறிப்பு என்ற தலைப்பு இருந்தது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. எனக்கு அதுவும் போதவில்லை. 'சரியாகச் செய்தார்' என்று எழுதியிருக்க வேண்டாமா?

"வெறுமையா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் அத்தை. "பொய்தான் இருக்கக்கூடாது." கையெழுத்துப் போட்டாள். மன்ரோ அன்றைக்கே வந்து வாங்கிக்கொண்டு போனார். போகும்போது வாசலில் நின்று, "சாவிய நான் கேட்டிருக்க மாட்டேன்டி" என்றார். கேட்டிருப்பார். அத்தைக்கும் அது தெரியும்.

வீடு தப்பியது. மூன்று வாரச் சம்பளம் போனது. ஆயிரத்து நானூறு போனது. பார்லோ போகவில்லை, ஜனவரி வகுப்புக்கு அவர் பெயரையே போட்டிருக்கிறார்கள், கட்டணம் நூறு பவுண்டு ஏறியிருக்கிறது.

பிறகு ஜனவரியில் அவர்களிடமிருந்தே இன்னொரு கடிதம். தங்களைப் போன்ற நீண்ட அனுபவம் உள்ளவர்கள் எங்களுக்குப் பரிட்சகர்களாகத் தேவை. அதற்கு முன் பரிட்சகர் பயிற்சி ஒன்று உண்டு, ஐந்து நாள், இரண்டாயிரத்து இருநூறு பவுண்டு. நான் அதை எரிக்க அடுப்பின் கதவைத் திறந்தேன்.

"குடு" என்றாள் அத்தை.

"போகப் போறீங்களா? இவங்களுக்கு இன்னொரு தடவை பணம் அழப் போறீங்களா?"

"உடனே முடியாது. ரெண்டு வருஷம் ஆகும் சேக்க."

"எதுக்கு அத்தே?"

அவள் சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள். வெளியே பிஷப் கதவை இடித்துக்கொண்டிருந்தது. "நாளைக்கு வேற ஒருத்தி அங்க படுத்துக்கிட்டு, பின்னால குட்டி இருக்குன்னு சொல்லுவா" என்றாள். "பக்கத்துல படுத்திருக்கறவங்க காத்திருக்கலாம்னு சொல்லணும்ல."

சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டினாள். எனக்குக் கோபம் தணியவில்லை. காத்திருக்கலாம் என்ற ஒரு சொல்லுக்கு இரண்டாயிரத்து இருநூறு பவுண்டு கேட்கிறார்கள். அதையும் அவள்தான் கட்ட வேண்டுமாம்.